பதின்மூன்றாம் பாகம்

அந்த ஜப்பான் அனிமே தொடரைத் தூத்துக்குடியில் நாங்கள் இரண்டு பேர்தான் பார்த்திருப்போம். வேகநடைப் போட்டிக்குப் போகிற ஒரு பெண்ணின் கதை. ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், இரண்டும் எழும்பினால் நடுவர் அட்டையைக் காட்டிவிடுவார். முதல் பன்னிரண்டு பாகத்தில் மொத்தமே ஒரு போட்டிதான். மீதி நேரமெல்லாம் அவள் காலுறை துவைப்பாள், தொழிற்சாலை மதிலை ஒட்டித் தனியாக நடப்பாள், கூட நடந்து பாதியில் விட்டுப்போன தோழிக்கு ஏதோ எழுதி எழுதி அழிப்பாள். ஜெயிப்பாளா என்ற கவலை அவளுக்கே கிடையாது. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "பொம்மைப் படமா?" என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

எனக்குக் கப்பலில் ஏறும் சரக்குகளுக்குக் காகிதம் தயார்செய்யும் ஏஜென்சியில் வேலை. விடுதி அறையில் என்னோடு இருந்தவள் மணப்பாட்டுக்காரி, நர்ஸ். ஒரே போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்ப்போம். படத்தைப் பார்ப்பேனா, கீழே ஓடும் ஆங்கிலத்தைப் படிப்பேனா என்று நான் சலித்துக்கொண்டதால், அவளே படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள். அதனால் அந்த ஜப்பான் பெண் எனக்கு மணப்பாட்டுத் தமிழில்தான் பேசுவாள்.

பன்னிரண்டாம் பாகம் முடிந்த வாரம் அவளுக்குக் குவைத்தில் வேலை உறுதியானது. பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "ஏளா, கடைசிப் பாகத்தத் தனியா பாத்துராத. நான் அங்கன போனதும் போன்ல பேசிக்கிட்டே சேந்து பாப்போம்."

நம்பினேன். முதலில் அடுத்த வெள்ளி என்றாள். பிறகு டூட்டி மாறிவிட்டது என்றாள். அப்புறம் நான் அனுப்புவதைப் படித்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் வந்தது. எட்டு மாதம் நான் அந்தப் பாகத்தைத் தொடவில்லை. தொட்டால் அவள் போய்விட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். அறைக்குப் புதிதாக வந்தவள் காதிலிருந்து ஹெட்செட்டை எடுத்ததை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருச்செந்தூர் சாலையில் நானும் அந்த ஜப்பான் பெண் மாதிரி நடக்கத் தொடங்கினேன். முழங்கையை மடக்கி, இடுப்பை ஆட்டி. பார்க்கச் சகிக்காது. தை மாதத்தில் ஒருநாள் பச்சைச் சுடிதாரில் போனது என் புத்திகெட்ட வேலை. அந்த மாதம் அந்தச் சாலையில் பச்சை உடுத்தி நடந்தால் முருகனுக்குத்தான் நடப்பார்கள். வருஷா வருஷம் இந்த யாத்திரை புறப்படுகிற ஆற்றங்கரை வயல் ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாததல்ல. பின்னால் வந்த பாதயாத்திரைக் கூட்டம் என்னையும் சேர்த்துக்கொண்டது. பச்சைப் புடவை கட்டிய, என் வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் பாக்கெட்டை நீட்டினாள்.

"தனியாவா வாரீங்க? என்ன வேண்டுதல்?"

ஒன்றுமில்லை, சும்மா நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "ஒருத்தி போன் பண்ணணும்" என்று வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "பண்ணுவாங்க. கோயில்ல நானும் சேத்து வேண்டிக்கிடுதேன்" என்றாள். அந்த எட்டு மாதத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். முத்தையாபுரம் தாண்டும்வரை அவளோடு நடந்துவிட்டு, பஸ் பிடித்து விடுதிக்குத் திரும்பினேன்.

மத்தியானம் போன் அடித்தது. குவைத் எண்.

"ஏளா, எப்படி இருக்க?" என்றாள், நேற்றுத்தான் பேசியவள் மாதிரி. டூட்டி, ஏசி குளிர், மெஸ் சாப்பாடு எல்லாம் சொன்னாள். நான் கடைசிப் பாகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? வந்த மாசமே பாத்துட்டேனே. இங்கன ரூம்ல எல்லாரும் சேந்து பாத்தோம். நீ இன்னும் பாக்கலையா?"

"பாத்தாச்சு."

"முடிவு நல்லா இருந்துச்சுல்லா?"

"ஆமா" என்றேன்.

போனை வைத்தபோது மணி மூன்று. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் என் மேல். பிறகு அந்தப் பச்சைப் புடவைக்காரியின் நினைவு வந்தது. அந்நேரம் அவள் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டாள். கால் கொப்புளத்தோடு போய்ச் சேர்ந்து, சன்னிதியில் நின்று, எனக்குப் போன் வர வேண்டும் என்று கேட்பாள். வந்துவிட்டது, கேட்க வேண்டாம் என்று சொல்ல அவள் எண் என்னிடம் இல்லை.