சகலையின் மூக்கு

என் சகலைக்கு மூக்கில் ஆபரேஷன் என்று என் மனைவி போனில் சொன்னபோது நான் மரக்காணம் உப்பளத்தில் ஆட்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் முதலில் பயம் வர வேண்டும், இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரி என்றாவது கேட்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. அவருக்கு மட்டும் எப்படி என்றுதான் தோன்றியது.

நான் மூத்த மகளைக் கட்டியவன். அவர் இளையவளைக் கட்டியவர். மாமியார் வீடு பெருமுக்கல்லில். அவருக்கு வானூரில் அரசு அலுவலகத்தில் வேலை, தலைக்கு மேலே மின்விசிறி. எனக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. வரப்பு வரப்பாக நடக்க வேண்டும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். மாமியார் வீட்டு விசேஷங்களில் அவர் போடும் இஸ்திரி சட்டையையும், அவருக்கு முதலில் வரும் காபி டம்ளரையும் நான் கவனிக்காமல் இருந்ததே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நாங்கள் சமம். இரண்டு பேருக்கும் மூக்கடைப்பு. பொங்கலுக்குப் போனால் கூடத்தில் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். "இன்னா சகல, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். "ரெண்டும் போச்சு" என்பேன். அத்தை நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைப்பார். ஒரே போர்வைக்குள் இரண்டு மாப்பிள்ளைகளும் ஆவி பிடித்திருக்கிறோம். அந்தப் போர்வைக்குள் மட்டும் எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இருந்ததில்லை.

இப்போது அவர் அதிலிருந்தும் மேலே போகப்போகிறார்.

அடுத்த வாரமே ஒருநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், புதுச்சேரியில் அவர் பார்க்கும் அதே டாக்டரம்மாவிடம் போனேன். வெளிச்சம் வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எத்தன வருஷமா அடைச்சிருக்குது?"

"ஒம்போது வருஷமாங்க மேடம்."

"என்ன மருந்து போடுறீங்க?"

சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினேன். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுக்கும் சொட்டு மருந்து. இரண்டு சொட்டு விட்டால் கதவு திறந்த மாதிரி காற்று உள்ளே போகும். ஆரம்பத்தில் தூங்கப் போகும்போது மட்டும் போட்டேன். பிறகு காலையிலும். பிறகு கணக்கே இல்லை. சாவியையும் போனையும் மறந்தாலும் மறப்பேன், அந்த பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"ஒரு நாலு தடவ." உண்மையில் பத்துக்குக் குறையாது. அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இத மூணு நாலு நாளைக்கு மேல போடக் கூடாதுங்க. விடாம போட்டா, மருந்து வேகம் எறங்குனதும் உள்ள இருக்குற சதை முன்ன விட ஜாஸ்தியா வீங்கும். நீங்க திரும்பப் போடுவீங்க, அது திரும்ப வீங்கும். இப்ப உங்க மூக்க அடைக்கிறதே இந்த பாட்டில்தான்."

"அப்ப ஆபரேஷன் எப்ப மேடம்?"

"உங்களுக்கு ஆபரேஷன் வேணாம்."

"எங்க சகலைக்கு மட்டும் செய்றீங்களே?"

"இன்னொரு பேஷண்ட்டப் பத்தி நான் உங்ககிட்ட பேசக் கூடாது" என்றார். நான் நகரவில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆபரேஷன்னா சும்மா இல்லங்க. மயக்க மருந்து குடுக்கணும். ரத்தம் போகலாம், சீழ் பிடிக்கலாம். மூக்கு நடுவுல இருக்குற தடுப்புல ஓட்டை விழலாம். சில பேருக்கு வாசனையே தெரியாம போயிடும். கண்ணும் மூளையும் பக்கத்துலயே இருக்குது. அங்க எதுவும் ஆகுறது ரொம்ப அபூர்வம், ஆனா சொல்லித்தான் ஆகணும். வேற வழி இல்லாதவங்களுக்குத்தான் இதெல்லாம். உங்களுக்கு வழி இருக்குது."

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக எழுந்து வந்திருப்பார்கள். எனக்குப் பரீட்சையில் தவறிய மாதிரி இருந்தது. சகலையின் கதை எனக்குத் தெரியும், அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் விழுந்ததில் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, அது போதாதென்று இரண்டு பக்கமும் சதை உரித்த திராட்சை மாதிரி வளர்ந்திருக்கிறது. ஆறு மாதம் ஸ்ப்ரே அடித்து, மாத்திரை சாப்பிட்டு எதற்கும் அடங்கவில்லை. அவருடைய நோய் பெரிய நோய். என்னுடையது ஒரு பாட்டில்.

எனக்கு எழுதிக் கொடுத்தது மூன்று விஷயம். சொட்டு மருந்தை நிறுத்த வேண்டும். தினமும் வேறு ஒரு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். இரண்டு வேளை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். கடைசியைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

"மேடம், நான் உப்பளத்துலதாங்க வேலை செய்யுறேன்."

"அளத்து உப்ப அள்ளிப் போட்டுடாதீங்க. மெடிக்கல்ல அதுக்குன்னே பாக்கெட் இருக்குது. தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, அப்புறம் கலக்கணும்."

ஸ்ப்ரேயை வாங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழைய பாட்டிலை எடுத்து இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டேன்.

சகலையின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்க்கப் போனபோது முகம் வீங்கி, மூக்கில் பஞ்சு திணித்து, பானைக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி பேசினார். எனக்குள் ஒரு திருப்தி வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் பஞ்சை எடுத்த பிறகு அவரை ஓய்வுக்காகப் பெருமுக்கல்லுக்கு அழைத்து வந்தார்கள். அங்கே அவர் ராஜா. இளநீர், குழைந்த சோறு, மதியத் தூக்கம். ஒருமுறை போயிருந்தேன். "மூத்த மாப்ள, அந்த ஃபேன அவரு பக்கம் கொஞ்சம் திருப்புங்களேன்" என்றார் அத்தை. திருப்பினேன். அன்று முழுக்க எனக்கு வியர்த்தது.

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி போனேன். சகலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய வாய். மூடியிருந்தது. அந்த முகத்தை மூடிய வாயோடு நான் பார்த்ததே இல்லை. ஐந்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

"சகல, உள்ள ரசம் கொதிக்குது. சீரகம் தெரியுது. கொஞ்சமாத்தான், ஆனா தெரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "நீங்க இன்னும் அந்த டிராப்ஸதான் போட்டுனு இருக்கீங்களா?" என்றார். அதில் பரிதாபம் இருந்தது. அவர் என்னைக் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சும்மா காலாற நடந்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் ஊரை ஒட்டிய மலையடிவாரம் வரைக்கும் போனோம். மேலே கோயிலுக்குப் போகும் படிகளைப் பார்த்தபடி நின்றார்.

"முன்னல்லாம் பாதி ஏர்றதுக்குள்ள வாய் காஞ்சிடும் சகல."

"இப்பதான் புது மூக்கு ஆச்சே. ஏறிப் பாருங்க."

"டாக்டரு மூணு வாரத்துக்கு மூச்சு வாங்குற வேலை எதுவும் வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"பயமா இருந்தா வேணாம்" என்றேன்.

அந்த வார்த்தை என்ன செய்யும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர் முன்னால் ஏறினார். நான் வாயைத் திறந்துகொண்டு பின்னால் ஏறினேன். என்னைப் போல அவருக்கும் மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான் நான் விரும்பியது. ரத்தத்தை விரும்பவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முக்கால்வாசி ஏறியதும் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். வியர்வை என்று நினைத்து மேலுதட்டைத் துடைத்தார். கை சிவப்பாக இருந்தது. அடுத்த நொடி சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவந்தது.

பயத்தில் தலையைப் பின்னால் சாய்க்கப் போனார். நான் கழுத்தைப் பிடித்து முன்னால் குனிய வைத்தேன். உப்பளத்தில் வெயில் காலத்தில் ஆட்களுக்கு மூக்கில் ரத்தம் வருவது உண்டு, அதனால் தெரியும். மூக்கின் மிருதுவான பாகத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். "வாயால மூச்சு வுடுங்க. தொண்டைக்கு வந்தா முழுங்காதீங்க, துப்புங்க" என்றேன். வெகுநேரம் பிடித்திருந்தும் விரலுக்கிடையில் சூடாகக் கசிந்துகொண்டே இருந்தது. கோயிலிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் ஆளுக்கொரு தோளைக் கொடுத்தார்கள். நான் மூக்கை விடாமல் பின்பக்கமாகவே படி இறங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பின் சீட்டில் எங்களோடு அத்தையும் ஏறிக்கொண்டார். புதுச்சேரி போய்ச் சேரும்வரை சகலை கண்ணைத் திறக்கவில்லை. என் முழங்காலை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். 'ஏற்றிவிட்ட என்னையே பிடித்துக்கொள்கிறாரே' என்று நினைத்தபடி மூக்கை அழுத்திக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் மறுபடி பஞ்சு வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். டாக்டரம்மா கோபமாக வெளியே வந்தார். "இந்த நேரத்துல மலை ஏறச் சொல்லி யாரு சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே படுக்கையிலிருந்து பானைக்குரல் வந்தது. "நான்தாங்க மேடம். ஆசையில ஏறிட்டேன்."

அத்தை அவரைத் திட்டு திட்டென்று திட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மூத்த மாப்ள மட்டும் கூட இல்லன்னா என்னா ஆயிருக்கும்!" அந்த வீட்டில் இப்படி ஒரு வார்த்தைக்காகக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏங்கியிருக்கிறேன். அது கிடைத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு அவர்மேல் இருந்த பொறாமை புதுவிதமாக இருந்தது. மனுஷன் குணத்திலும் என்னைத் தாண்டிவிட்டாரே என்று.

நான் சொட்டு மருந்தை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். திருந்தினேன் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. மறுபடி போய்க் கேட்டதற்கு, முதல் இரண்டு வாரம் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. அந்தப் பக்கம் சுவர் வைத்துப் பூசிய மாதிரி அடைத்துக்கொண்டது. தலை கனத்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். மனைவி காலையிலேயே தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றி, பகலுக்கும் தூக்கில் ஊற்றித் தருவாள். பகலில் உப்பளத்துக் கொட்டகைக்குப் பின்னால் குனிந்து நின்று ஒரு மூக்கு வழியாக விட்டு மறு மூக்கு வழியாக வடிப்பேன். உப்பு வாரும் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஏண்ணே, இதுக்கு நேரா கடலுக்கே போயி மூக்க வுட்டாப் போதாதா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே சிரித்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் வரப்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது, வாயை மூடிக்கொண்டு எதிராளி சொல்வதைக் கேட்கிறேன் என்பது உறைத்தது. முழுதாகத் திறந்துவிடவில்லை. புழுதிக் காற்று வீசினால் இன்றும் ஒரு பக்கம் அடைக்கும். ஆனால் பையில் பாட்டில் இல்லை.

ஆறேழு மாதம் கழித்து சகலை போன் செய்தார். "செக்கப்புக்குப் போகணும். கூட வர்றீங்களா? வீட்ல சொல்லிக்க வேணாம்." ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இடது பக்கம் திரும்ப அடைக்கிற மாதிரி இருக்குது சகல. சதை திரும்ப வளரலாம்னு அப்பவே சொன்னாங்க. முதல் தடவ ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதே பயத்துல எனக்கு எழுத்து வரல, தெரியுமா? உங்களுக்கு ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு கேள்விப்பட்டு உங்க மேல அப்படி ஒரு எரிச்சல். இவரு மட்டும் தப்பிச்சிட்டாரேன்னு."

நான் அங்கே போனது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. மலையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். வேண்டுமென்றே ஏற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஏறுனீங்க?"

"பயமான்னு கேட்டுட்டீங்களே."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். இடது பக்கம் சின்னதாக மறுபடி சதை தெரிகிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ஸ்ப்ரேயை விடாமல் அடிக்க வேண்டும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சதை தெரிகிறது என்றதும் ஒரு கணம் எனக்குள் ஏதோ ஒன்று இலேசாகத் துள்ளியது. அதை அமுக்கிவிட்டு அவர் தோளில் கை வைத்தேன். கையை அங்கேயே வைத்திருக்க உண்மையாகவே விரும்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெளியே வந்து இரண்டு பேரும் அவரவர் பஸ்ஸுக்கு நின்றோம். வானூர் பக்கம் போகிற பஸ் முதலில் வந்தது. காலியாக இருந்தது. அவருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது, கையை ஆட்டிவிட்டுப் போனார். என் பஸ் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தது. மரக்காணம் வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.