சாப்பாட்டுப் பையில் போன கேமரா

“எங்க அம்மாவால எழுந்து நடக்க முடியாதுங்க. அவங்ககிட்ட காட்ட ஒரே ஒரு படம் இருந்தா போதும்.”

கூடத்திலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும், சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்குக் கை ஓடவில்லை. எட்டிப் பார்த்து முகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. எட்டு நாளாகக் காதுக்குள்ளேயே குடியிருக்கிற குரல் அது.

திறந்தவெளி இசை அரங்கில் வாசல்காப்பு வேலை அவருக்கு. பதினோரு வருடமாக நுழைவாயிலில் நின்று ரசிகர்களின் பைகளைச் சோதித்து வருபவர். ஃபோனுக்குத் தடையில்லை, லென்ஸைக் கழற்றக்கூடிய கேமரா மட்டும் உள்ளே போகக்கூடாது. சந்தேகம் வந்தால் லென்ஸை மெல்லத் திருகிப் பார்ப்பார். கழன்றுவிட்டால் கேமரா மேஜைக்கு வரும். திரும்ப வாங்கிக்கொள்ள உரியவர் கைக்கு ஓர் எண் அட்டை போகும். ஒருமுறை மேலாளரின் கூடப்பிறந்த தம்பியையே திருப்பி அனுப்பியிருக்கிறார். உடன் வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சட்டப்புத்தகம்’. “பொண்டாட்டியே வந்தாலும் பையைத் திறந்து காட்டிட்டுத்தான் போகணும்யா!” என்று சிரிப்பார்கள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன சனிக்கிழமை அந்தப் பெருமை மண்ணாகிப்போனது.

மனைவியின் தம்பி புதிதாகக் கேமரா வாங்கியிருந்தான். அக்காவும் தம்பியும் ஒரு வாரம் அவரைப் பிய்த்துத் தின்றார்கள். “ஒரே ஒரு நாள் மாமா. நல்ல படம் நாலு கிடைச்சா பத்திரிகைல சேர்ந்துடுவேன்.” “கூடப்பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?” என்று மனைவி மூக்கைச் சிந்தினாள். வேலையாட்களின் சாப்பாட்டுப் பையை யாரும் சோதிப்பதில்லை. அன்று அவர் பையில், டப்பாவுக்கு அடியில் துண்டு சுற்றிக்கொண்டு, கேமரா உள்ளே போனது.

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குரலுக்குரிய பெண் வந்தாள். தோளில் பழைய கேமரா.

“அண்ணா, என் தங்கச்சி இன்னைக்குத்தான் முதல் தடவையா மேடை ஏறுறா. பின்வரிசைல வயலின். ஃபோன்ல எடுத்தா எறும்பு மாதிரி தெரிவா. ஒரு படம் எடுத்துட்டு ஓடி வந்துடறேன்.”

அவர் லென்ஸைத் திருகினார். கழன்றது.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

சொன்னபோது அவர் குரல் துளிகூடப் பிசிறவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசியது.

கூடத்தில் மைத்துனன் கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். இணையத்தில் படங்களோடு வீட்டு முகவரியையும் போட்டு வைத்திருந்த புத்திசாலி. அதைப் பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள்.

“இது பாடகி. இதுவும் பாடகி...”

“எல்லாமே அவங்கதானா?” என்றாள் அவள். “இருங்க, இருங்க. இந்த மைக் கம்பிக்குப் பின்னால ஒரு முழங்கை தெரியுதே... அவதான். அந்த வாட்ச் நான் கட்டி விட்டது.”

பிறகு மெதுவாகக் கேட்டாள். “இந்தக் கேமராவை எப்படி உள்ள விட்டாங்க?”

“அதுக்கெல்லாம் ஆள் இருக்கு! கேட்ல நிக்கறதே எங்க மாமாதான்.”

விஷயம் புரியாத மனைவி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “என்னங்க, வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டு வாங்களேன்!”

அவர் கை கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் சந்து. சந்துக்குள் போய்விட்டால் இந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

“கூப்பிடாதீங்க அக்கா,” என்றது அந்தக் குரல். “அவருக்குச் சங்கடமா இருக்கும்.”

ஐயோ! அவள் கத்தியிருந்தால் ஓடியிருப்பார். அந்த இரக்கம் காலைக் கட்டிப்போட்டுவிட்டது. தண்ணீர்ச் செம்போடு கூடத்துக்கு வந்தார்.

“நான்தாம்மா அது. என் சாப்பாட்டுப் பையில வெச்சு நானே கொண்டு போனேன். நாளைக்குக் காலையில மேலாளர்கிட்ட சொல்லிடறேன். வேலை போனாலும் போகட்டும்.”

“என்னங்க உளர்றீங்க?” என்று மனைவி பதறினாள்.

வந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“அன்னைக்கு உங்ககூட சண்டை போடணும்னுதான் வாயெடுத்தேன் அண்ணா. நீங்க சொன்ன விதத்துல, நிஜமாவே எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நம்பிட்டேன். அதான் பேசாம அட்டையை வாங்கிட்டுப் போயிட்டேன்.”

செருப்பால் அடித்திருக்கலாம்.

“அடுத்த கச்சேரில படம் எடுக்க அனுமதி கேட்டு...” என்று இழுத்தார்.

“அதுவரைக்கும் அம்மா இருக்கணுமே,” என்றாள். பிறகு மைத்துனனிடம் திரும்பினாள். “அந்த முழங்கைப் படத்தையே அனுப்புங்க தம்பி. பெத்தவங்க, கண்டுபிடிச்சிடுவாங்க.”

எப்போதும் வாயடிக்கிறவன், சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்தான்.

அவள் எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். வழியனுப்ப அவரும் பின்னாலேயே போனார். தலை நிமிரவில்லை, அவள் செருப்பின் அறுந்து தைத்த வாரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வரேன் அண்ணா.”

அவர் கை நீளும் முன்பே, கதவைச் சத்தமில்லாமல் அவளே சாத்திக்கொண்டு போனாள்.