ஒரு வரிக்கு ஒரு சுற்று

எனக்கு வாய் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். என் பேர் தனப்பிரியா. நாமக்கல்லில் லாரிக்கு ஹாரன், லைட், ஒயர் விற்கிற கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க டிரைவர்களோடு பேரம் பேசியே பழகிய நாக்கு. ஆனால் இது என் கதை இல்லை. கடைக்கு எதிரே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற கலையரசன் அண்ணனின் கதை.

அண்ணனுக்குச் சொந்த ஊர் ஜேடர்பாளையம். வயது நாற்பத்தெட்டு. புது லாரி ஒன்று வெறும் சட்டமாக வந்து நின்றால், அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "லோடு எங்க உக்காரப் போவுதுன்னு மொதல்ல பாக்கோணுமுங்க" என்பார். பாரம் முழுக்கப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் நிற்காது. முன்னால் வந்தால் டிரைவரின் தோள்பட்டை கழன்றுவிடும். அவருக்கு உலகத்தில் எல்லாமே இந்தக் கணக்குத்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், இந்த வரிசைக்கு ஆள் அதிகம், அந்த வரிசைக்குப் பரிமாற ஆளில்லை என்று எழுந்து போய்விடுவார்.

கோயம்புத்தூரில் படிக்கும் அவருடைய மகள் அபிநயா ஒரு லீவுக்கு வந்தபோது புது விளையாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். "கோட்டைக் கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றீங்க?" என்பார். நாம் மந்திரவாதியாகவோ போர்வீரனாகவோ நம்மை நினைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். மகள் காலேஜுக்குத் திரும்பிவிட்டாள். அண்ணனை விளையாட்டு பிடித்துக்கொண்டது. எண்பது பக்க நோட்டு ஒன்றில் தன் விதிகளை எழுதினார். பாடிக்கு அறுத்து மிஞ்சிய மரத்தில் இருபது முகம் வைத்துப் பகடை செதுக்கினார். அது ஏழாகவே விழும். அது வேறு கதை.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. வெல்டிங் நின்றுவிடும். அன்றைக்குத்தான் ஆட்டம். கரண்ட் வந்த நொடியில் ஆட்டம் முடியும், யார் எந்த நிலையில் இருந்தாலும் சரி. கிணற்றில் விழுந்தவர் விழுந்தவர்தான், செத்தவர் செத்தவர்தான். அண்ணன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய விதி இது. ஒருமுறை நான் அரக்கனின் கழுத்தில் கை வைத்த நேரத்தில் கரண்ட் வந்தது. கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். "பொழப்பு மொதல்லங்க அம்முணி" என்று நோட்டை மூடிவிட்டார்.

நாங்கள் மூன்று பேர் ஆடினோம். நான் மந்திரவாதி. வெல்டர் வீரபாகு அண்ணன் போர்வீரர். மூன்றாவது ஜெயபிரகாஷ், வில்லாளி. லாரியின் முதுகிலும் நெற்றியிலும் எழுத்து எழுதுகிற பெயின்டர். முப்பத்திரண்டு வயது. தூரிகையில் எழுத்து வழுக்கிக்கொண்டு வரும், வாயில் வராது. திக்கும். அதிலும் 'த' வந்தால் போதும், மனிதர் அங்கேயே நின்றுவிடுவார். ஏழு வருடப் பழக்கத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அக்காதான். வில்லாளிக்குப் பேச்சு தேவையில்லை. "அ...அம்பு" என்றால் முடிந்தது.

சிக்கல் என்னால்தான் வந்தது. என் மந்திரவாதி எல்லாரையும் எரித்துவிடுவாள். வீரபாகு அண்ணன் வாளைத் தூக்குவதற்குள் சண்டை முடிந்திருக்கும். "நான் என்னத்துக்கு வந்தேன்? டீ வாங்கவா?" என்று ஒருநாள் எழுந்தேவிட்டார். கலையரசன் அண்ணன் நோட்டை எடுத்தார். "லோடு பூரா அம்முணி மேல உக்காந்திருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு விதி போட்டார். இனி மந்திரம் சொல்கிறவர் அதைத் தானே கட்டி, ஒரே மூச்சில், தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும். தடுக்கினால் மந்திரம் பலிக்காது.

என்னை அடக்கப் போட்ட விதியாம்! ஹாரன் விற்கிற என்னிடம். மூச்சு விடாமல் அடித்து நொறுக்கினேன். முன்னைவிட மோசமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஜெயபிரகாஷ் ஓர் அட்டையோடு வந்தார். வில்லாளி வேண்டாமாம், பூசாரியாக மாறுகிறாராம். சாமியைக் கூப்பிட்டுக் காயம் ஆற்றுகிற பூசாரி. அட்டையில் அவர் எழுதியிருந்த மந்திரம் அத்தனை அழகு. நான் இரண்டு தரம் படித்தேன். அண்ணன் தயங்கினார். "விதி தெரியுமில்லீங்க சாமி?" ஜெயபிரகாஷ் தலையசைத்தார்.

அன்று வீரபாகு அண்ணனின் வீரன் அடிபட்டுக் கிடந்தான். ஜெயபிரகாஷ் ஆரம்பித்தார். முதல் வரி வந்தது. இரண்டாவதில் "தண்ணீர்" என்ற சொல். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணீர் தெளித்து எழுப்பினேன்" என்று நானே முடித்துவிட்டேன். உதவி என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கலையரசன் அண்ணனும் சட்டென்று, "பலிச்சிருச்சுங்க, வீரன் எந்திரிச்சுட்டான்" என்றார். வீரபாகு அண்ணன் கைதட்டினார். ஜெயபிரகாஷ் பகடையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தூரிகையைக் கழுவப் போனார். திரும்பி வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு மனிதனை ஊமையாக்கிவிட்டோம் என்று எனக்குப் புரிய அத்தனை நாள் ஆனது. வெட்கமாக இருந்தது.

அண்ணன் அவரைத் தேடிப் போனார், நானும் கூடப் போனேன். ஒரு டேங்கரின் பின்னால் உட்கார்ந்து எழுத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு மட்டும் எழுதிக் காட்டுனா போதும்னு விதிய மாத்திடறனுங்க" என்றார் அண்ணன். ஜெயபிரகாஷ் எழுத்திலிருந்து தூரிகையை எடுக்கவே இல்லை. "எ...எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாமுங்க அண்ணா. எல்லாருக்கும் என்னவோ, அதுல நா...நான் சொல்லோணும்."

திரும்பி வந்தோம். பட்டறை வாசலில் அண்ணன் நின்று, "தப்பு எம்மேலதானுங்க. வண்டி சரியாக் கட்டாம டிரைவரக் கொற சொல்ல முடியுங்களா?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பதினைந்து நாள் நோட்டும் கையுமாகத் திரிந்தார். கடைசியில் புது விதி வந்தது. மந்திரத்துக்கு ஒரு வரிக்கு ஒரு சுற்று. எத்தனை வரியோ அத்தனை பலம். ஒரு வரி வாயிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, கணக்கில்லை. அந்தச் சுற்றில் மற்றவர்கள் பகடை உருட்டி மந்திரம் சொல்கிறவரைக் காக்க வேண்டும். யாரைக் காப்பாற்றப் போகிறோமோ அவர் பெயரைக் கடைசி வரியில் சொல்லியாக வேண்டும். நடுவில் வேறு யாராவது வாயைத் திறந்தால் மந்திரம் கலைந்துவிடும்.

"என் வாயைக் கட்டத்தானே இது?" என்று சண்டைக்குப் போனேன்.

"ஆமாங்க அம்முணி" என்றார்.

அண்ணன் போய்க் கூப்பிட்டதும் ஜெயபிரகாஷ் வந்தார். அந்த மாத ஆட்டம் ஓர் அணைக்கட்டில், அண்ணனின் கதையில் எல்லா ஊரிலும் ஜேடர்பாளையம் மாதிரி ஓர் அணைக்கட்டு இருக்கும். வீரபாகு அண்ணனுக்கு அன்று தீபாவளி. மதகு மேல் நின்று சுற்றுக்குச் சுற்று பகடையை உருட்டி அரக்கர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான்தான் விழுந்தேன். இரண்டு வருடமாக வளர்த்த என் மந்திரவாதி தண்ணீருக்கடியில் கிடந்தாள். அவளை எழுப்ப ஒரே வழி ஜெயபிரகாஷின் நான்கு வரி மந்திரம். மணி நாலரை தாண்டியிருந்தது.

முதல் வரி. இரண்டாம் வரியில் அதே "தண்ணீர்". நின்றது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். வந்தது. மூன்றாம் வரியும் வந்தது. நான்காம் வரிக்கு அவர் மூச்சு இழுத்தபோது, வீரபாகு அண்ணன் சுவிட்சை அணைக்க மறந்த கிரைண்டர் ஓவென்று அலறியது.

கரண்ட் வந்துவிட்டது. பத்து நிமிடம் முன்னாலேயே.

ஜெயபிரகாஷ் வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் டெலிவரி கொடுக்க வேண்டிய லாரி பாதி வெல்டிங்கில் நின்றது. கலையரசன் அண்ணன் எழுந்தார். நோட்டை மூடத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேராகச் சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். கிரைண்டர் சுற்றி ஓய்ந்தது. பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் வேலை தொடங்கிய சத்தம் கேட்டது. எங்கள் பட்டறையில் மட்டும் சத்தமில்லை.

எங்களைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். இனி மந்திரம் முடிகிறவரை எங்களில் யாரும் வாய் திறக்கக்கூடாது. விதிதான்.

"எ...எழுந்து வா" என்றார் ஜெயபிரகாஷ். பிறகு நின்றார். 'த'. கண்ணை இறுக மூடினார். வீரபாகு அண்ணன் பகடையை உள்ளங்கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.

"தனப்பிரியா."

திக்காமல் வரவில்லை. பல தடவை உடைந்து, மூச்சு வாங்கி, முழுசாக வந்தது.

"எந்திரிச்சுட்டாங்க" என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஜெயபிரகாஷ் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அவசரப்படுத்தவே இல்லை.

அண்ணன் எழுந்து போய் மெயினைப் போட்டார்.