பாறையைச் சுற்றிய வளைவு

காற்றில் அணைந்துவிடாமல் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு, பாறையிடுக்கில் மாமி மெழுகுவர்த்தி ஏற்றுவார். மாமி என் அப்பாவின் தங்கை. ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு கல்குவாரியில் வெடி வைத்தபோது பாறை சரிந்து அவருடைய கணவர் அங்கேயே இறந்துபோனார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல்லறை உண்டு. ஆனாலும் வருடந்தோறும் அவர் இறந்த நாளில் மாமி பாறசாலையிலிருந்து பஸ் ஏறி அந்தப் பாறைக்குத்தான் போவார். "கல்லறையில கெடக்கது உடம்பு மட்டும். அவரு கடைசியா என்னெ நெனச்சது இங்கன ஆக்கும்" என்பார்.

மூடிக்கிடந்த குவாரி பொழுதுபோக்குப் பூங்காவானது. அதில் சுரங்க ரயில் என்று ஒரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் பற்றவைத்த வெல்டர்களுக்கு நான்தான் மேற்பார்வை. கொச்சியிலிருந்து வந்த டிசைனர் சார் தேநீர் நேரத்தில் அதன் வரலாற்றைச் சொல்வார். அமெரிக்காவின் பழைய சுரங்கங்களில் கனிமம் ஏற்றிய வண்டிகளைப் பார்த்துச் செய்த விளையாட்டாம். உருக்குக் குழாயை வளைத்துத் தண்டவாளமாக்கக் கற்றுக்கொண்ட பிறகு, பெரிய உயரம் ஏறாமலே பாறைக்குள்ளும் மரங்களுக்கிடையிலும் நெளிந்தோடும் இந்த வகை வந்ததாம். இதில் வேகம் குறைவு, பயம் அதிகம். தூண்களுக்கு உளுத்த மரம்போலச் சாயம் பூசுவார்கள். உத்தரம் தலையில் இடிக்க வருவதுபோலத் தோன்றும், இடிக்காது. சாகிற பயத்தைச் சாகாமல் அனுபவிப்பதற்கு எத்தனை ஏற்பாடு! எங்கள் மாமாவுக்கு அந்தப் பயம் எந்த ஏற்பாடும் இல்லாமலே கிடைத்தது, சாவோடு சேர்த்து.

வரைபடத்தில் மாமியின் பாறை பாதைக்குக் குறுக்கே நின்றது. உடைப்பதாகத்தான் முடிவு. நான் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். "சாரே, இந்த ஒரு பாறைய மட்டும் விட்டிருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல்ல" என்றார். டிசைனர் சார் பாறையில் உறைந்து கிடந்த மெழுகை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். பாறையைச் சுற்றிப் பாதையை வளைத்து மறுபடி வரைந்தார். மாமி ஞாயிற்றுக்கிழமை சபையில் அவருக்காக ஜெபிக்கச் சொன்னார். நல்ல மனுஷன் என்றுதான் நானும் நினைத்தேன்.

திறப்பு நாளில் சுற்றுவட்டார மக்களை அழைத்திருந்தார்கள். அந்தப் பகுதி முழுக்க வேலிக்குள் போய்விட்டதால், பாறையைப் பார்க்க வண்டியில் ஏறுவதைத் தவிர வழியில்லை. மாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கிலி கடகடவென்று மேலே இழுத்தது. இருட்டுக்குள் விழுந்து வளைவில் திரும்பியதும் பாறையிடுக்கிலிருந்து தொப்பி போட்ட பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று துள்ளி வந்தது. அதன் கையில் எரிகிற மெழுகுவர்த்தி, பல்பு வைத்தது. வண்டி முழுக்க அலறியது, பிறகு சிரித்தது. மாமி இரண்டும் செய்யவில்லை.

இறங்கிய இடத்திற்கு டிசைனர் சார் ஓடிவந்தார். "எப்படி உண்டு சேச்சி? நீங்க வச்ச மெழுகுதிரியில இருந்தாக்கும் எனக்கு ஐடியா கிட்டியது!" கேலியில்லை, முகமெல்லாம் சந்தோஷம். மரியாதை செய்துவிட்டதாகவே நம்பினார். கேலி செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பொம்மையை எடுத்துவிடும்படி கேட்டுப் பார்த்தேன். ஜனங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். வருடத்தில் ஒருநாளாவது மாமியை அங்கே நடந்துபோக விடுங்கள் என்றேன். பாதுகாப்புக் காரணங்களால் முடியாதாம். மாமா வெடிக்கு முன்னால் நின்ற அன்று இந்தப் பாதுகாப்பு எந்த ஊரில் இருந்ததோ.

இப்போதும் மாமா இறந்த நாளில் மாமி வருகிறார், நானும் கூடப் போகிறேன். அலறுகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். இந்த வருடம் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மக்கா, ஜெபம் முடியுததுக்குள்ள வண்டி தாண்டிப் போவுது. அந்த வளைவுல மட்டும் கொஞ்சம் பைய விடச் சொல்லப்பிடாதா?"

அந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. மேலே கொண்டுபோன சங்கிலி கைவிட்ட பிறகு தன் எடையில்தான் அது ஓடுகிறது. அந்த வளைவில் அதைப் பிடித்து நிறுத்த ஒரு பிரேக்கும் இல்லை. அங்கே தண்டவாளத்தைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் நின்றவன் நான்.

"கேட்டுப் பாக்கேன் மாமி" என்றேன்.