மேலே பார்த்துக் கையாட்டியவர்கள்

என் தங்கையிடம் போனில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். ஆகாயத்தில் அந்தச் சத்தம் கேட்டால் வெளியே வராதே, ஊராரையும் வரவிடாதே. அவ்வளவுதான், பத்து வார்த்தைகூட இல்லை. கல்யாண வீட்டில் மைக் கையில் கிடைத்தால் பெண்ணின் சித்தப்பா மூக்கைப் பற்றியே அரைமணி நேரம் பேசுகிற வாய் என்னுடையது. அந்தப் பத்து வார்த்தைக்கு மட்டும் அது திறக்கவில்லை.

என் தொழில் வீடியோ எடுப்பது. யாங்கோனில் தமிழ் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்றால் தாமுவேயில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். என்னைவிட நன்றாக எடுக்கிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு நாள் ஒழியாதபோது என்னைக் கூப்பிடுவார்கள் என்று சொல்வதே சரி. நிலைமை நன்றாக இருந்த காலத்தில் ஆசைப்பட்டு ஒரு ட்ரோன் வாங்கினேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் பெகு பக்கம். வயல்களுக்கு நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிக் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள். வருஷாவருஷம் தீமிதிக்கு அங்கே போய் ட்ரோனைப் பறக்கவிடுவேன்.

முதல் வருஷம் சத்தம் கேட்டதும் ஜனங்கள் கோழிக் கூட்டம் மாதிரிச் சிதறிப் போனார்கள். படம் முழுக்க முதுகுதான் விழுந்தது. பூசாரியிடமிருந்து மைக்கைப் பிடுங்கி நானே கத்தினேன்: "ஓடாதீங்க. சத்தம் கேட்டா எல்லாரும் களத்துமேட்டுக்கு வாங்க. நெருக்கி நில்லுங்க. மேலே பார்த்துக் கையாட்டுங்க. ஆட்டாதவங்க மூஞ்சி வீடியோவுல வராது." மூன்றாவது வருஷம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சத்தம் எழும்பியதும் சமையலை விட்டு, சண்டையை விட்டு, எல்லோரும் களத்துமேட்டில் வந்து நின்றார்கள். வேறு எந்த ஊரையும் நான் இவ்வளவு ஒழுங்காகப் பழக்கியதில்லை.

பிறகு காலம் கெட்டது, நாட்டுக்குள்ளேயே சண்டை மூண்டது. வீட்டில் ட்ரோன் இருந்தால் ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற நிலை வந்தது. என் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. ஆனால் தட்டிய பிறகு பயப்படுவதற்கு நான் என்ன சாதாரண ஆளா? அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அடுத்த வேளைக்கு அரிசி அள்ளப் போன மனைவி, டப்பாவோடு ஒரு இறக்கையையும் அள்ளிக்கொண்டு வந்து, "இதை எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்?" என்றாள்.

மறுநாள் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, மீன் பையில் கட்டிக்கொண்டு பசுந்தாங் கால்வாய்க்குப் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று நாலு தடவை பார்த்துவிட்டுப் பையை நழுவவிட்டேன். கீழே படகில் இருந்த ஒரு நல்ல மனிதர் துடுப்பால் அதை இழுத்தெடுத்து, "மீன் விழுந்திருச்சுங்க" என்று நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, கல்லைக் கட்டி மறுபடி போட்டேன். இந்தக் கதையைச் சொல்லிப் பல வீடுகளில் கைநனைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கையின் ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் ட்ரோன் வந்து குண்டு போடுவதாகச் செய்தி வர ஆரம்பித்தது. எனக்கு உடனே களத்துமேடு ஞாபகம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், உடனே வந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் மூன்று விதமாக அமைத்து வைத்துக்கொண்டேன். ஆனால் போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அப்போது எனக்குத் திடமான நம்பிக்கை. ராஜாங்க ரகசியம் கேட்கிறவன் எல்லாம் வேலையை விட்டுவிட்டு, காதுகுத்து வீடியோக்காரன் என்ன பேசுகிறான் என்று காத்துக்கொண்டிருப்பதாக ஒரு எண்ணம்.

தீமிதிக்கு நாலு நாள் இருக்கும்போது தங்கையே கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த வருஷம் வர்றியா?"

"சாப்பிட்டியா?"

"விடிஞ்சு இன்னும் பல்லே விளக்கல. வர்றியான்னு கேக்குறேன். ஊர்ல கேக்குறாங்க. வண்டைக் கொண்டுவருவாரான்னு."

ஊரில் ட்ரோனுக்கு வண்டு என்று பெயர். "அங்க மழை எப்படி?" என்றேன்.

"பங்குனியில மழையா? உனக்கு உடம்பு சரியில்லையா அண்ணே?"

வரமாட்டேன் என்றால் ஏன் என்பாள். அது இப்போது என்னிடம் இல்லை என்றால், எங்கே என்பாள். "பாக்கலாம்" என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்." வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட நாலு நாள் இருந்தது. நாலு நாளும் போனுக்குச் சார்ஜ் மட்டும் போட்டேன்.

தீமிதியன்று நடந்ததை அவள் கணவர் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். முழங்கையில் தங்கிவிட்ட இரும்புத் துண்டை எடுப்பதற்காக, காரியம் முடிந்ததும் அவர் பஸ் ஏறி யாங்கோனுக்கு என் வீட்டுக்கு வந்தார். லப்பே டீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு, சந்தையில் யாரையோ பார்த்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"சத்தம் கேட்டதும் முதல்ல எந்திரிச்சது அவதான் மச்சான். அண்ணன் வந்துட்டாரு, சொல்லாம வந்து விளையாட்டுக் காட்டுறாருன்னா. பொங்கக் கரண்டியைக் கீழே வைக்காமலே ஓடுனா. எல்லாரும் வந்து நின்னாங்க. நீங்க சொன்னபடிதான், நெருக்கி."

"நீங்க எங்க இருந்தீங்க மாப்பிள்ளை?"

"நான் மாட்டை அவுத்துக் கட்டிட்டு வர்றேன்னேன். அதான் கையோட போச்சு."

"துப்பாக்கிக்காரங்க யாராவது ஊர்ல இருந்தாங்களா?"

"ரெண்டு பேர் தண்ணி குடிக்க வந்திருந்தாங்க. சத்தம் கேட்டதும் புதருக்குள்ள ஓடிட்டாங்க. அவங்களை நீங்க பழக்கலையே."

ட்ரோனை விட்டது யார் என்று எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இப்போது யாரிடம்தான் ட்ரோன் இல்லை? கூட்டத்தை ஆயுதக்காரர்கள் என்று தவறாக நினைத்திருக்கலாம் என்று டீக்கடையில் ஒருவர் பெரிய மனசோடு சொன்னார். தொழில்காரனாக எனக்குத் தெரியும். அந்த உயரத்திலிருந்து பானை தெரியும், பானையைத் தூக்குகிறவள் சேலை தெரியும். கையாட்டுவது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும், அதற்காகத்தானே நான் ஆட்டச் சொன்னது. படத்தில் இடம் விடாமல் தலைகள் நிறைந்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். கீழே எங்கோ உட்கார்ந்து திரையைப் பார்த்து ட்ரோனை ஓட்டியவனுக்கும் அது வந்திருக்கும். வந்திருக்காது என்று நினைத்துக்கொள்ள ஆசைதான், முடியவில்லை.

குறிவைத்தவனை மட்டும் தேடிப் போய்த் தொடும் கருவி அது என்றும் அதே டீக்கடையில் கேள்விப்பட்டேன். தேடப்பட்ட இரண்டு பேரும் சௌக்கியம். அதுவரை எந்தப் பக்கமும் சேராமல் நாற்று நட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அண்ணன் பிள்ளைகள், பிணங்களை அடக்கிய கையோடு துப்பாக்கி தூக்கக் காட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரை இனி எந்தச் சத்தமும் களத்துமேட்டுக்கு வரவழைக்காது. இதுதான் அந்தக் குண்டு சாதித்தது.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு என்ன கவலை வந்தது தெரியுமா? வார்டு ஆபீஸ். வெளியூர் ஆள் தங்கினால் அங்கே பதிய வேண்டும். அந்தப் பக்கத்து ஆள், கையில் இரும்போடு, என் வீட்டில் தங்குவதா? தங்கையைப் புதைத்துவிட்டு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குக்கர் வெடித்தது என்று சொல்லப் பழக்கினேன். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

காலையில் இருவரும் போனோம். எழுத்தர் வெற்றிலை மென்றுகொண்டு நல்ல மனநிலையில் இருந்தார். "கையில என்ன?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"குக்கர் வெடிச்சிருச்சு ஸயா" என்றார் மாப்பிள்ளை. தடுமாறவே இல்லை.

"ஆம்பளை நீ ஏன் அடுப்புக்குப் போனே? சம்சாரம் எங்க?"

இந்தக் கேள்விக்கு நான் பழக்கவில்லை. செத்துவிட்டாள் என்றால் எப்போது, எப்படி, எந்த ஊரில் என்று போகும். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். தங்கையிடம் திறக்காத வாய் அங்கே தானாகத் திறந்தது. "ஊர்ல இருக்கா ஸயா. என் தங்கச்சிதான். படு சோம்பேறி. இவரைச் சமைக்க விட்டுட்டுத் தூங்கிட்டிருந்தா."

எழுத்தர் வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகவே வந்தது.

"அவளையும் வரச்சொல்லு. இந்தத் தாள்லயே சேர்த்துடுறேன். பேர், வயசு?"

மாப்பிள்ளை அவள் பேரைச் சொன்னார். வயசையும் சொன்னார். எழுத்தர் எழுதிக்கொண்டே, "கூப்பிட்டா வருவாளா, இல்ல தூங்கிட்டே இருப்பாளா?" என்றார்.

"நான் கூப்பிட்டா மெதுவாத்தான் வருவா ஸயா" என்றார் மாப்பிள்ளை. "அவங்க அண்ணன் கூப்பிட்டா ஓடி வருவா."

எழுத்தர் முத்திரை குத்தித் தாளை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.