மாட்டு வயிற்றில் அமாவாசை

மாட்டு வைத்தியத்தில் ஒரு நிம்மதி, நோயாளி பொய் சொல்லாது. ஒரு சங்கடம், நிஜத்தையும் சொல்லாது. தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். கம்பவுண்டர் வேலை பார்த்த சகோதரர்களுக்குத் தெரியும், டாக்டர் ஊரில் இல்லாத நாளில்தான் நமக்கு அறிவு பொங்கும். அப்படிப் பொங்கியதால் வந்த வினை இது.

சத்து மருந்து

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைத்தவர் காசியம்மா. பசு பகலெல்லாம் தெருவில் மேயும். சினை ஊசி போட்டு ஐந்து மாதம் என்றார். வயிறும் நன்றாகத் தெரிந்தது. டாக்டர் வெளியூரில் இருந்தார். நான் பார்த்த பார்வையிலேயே சினைதான் என்று சொல்லி, இரண்டு பாட்டில் கால்சியம் கொடுத்தேன். விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். காசியம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கன்னு பொறந்தா உன் பேரத்தான் சார் வெப்பேன்" என்றார்.

புண்ணியம்

சேதி பரவியது. சினைப் பசுவுக்கு அமாவாசையில் அகத்திக்கீரை கொடுத்தால் இரட்டைப் புண்ணியமாம். துணிப்பை போய் கேரி பேக் வந்திருந்த காலம். மாடு முட்டுமோ என்ற பயத்தில் பலர் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் பையோடு நீட்டிவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். பசு பையோடு விழுங்கும். நானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எதிர்வீட்டு ஜானகி மாமி ஒரு அமாவாசை தவறியதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நீட்டுவார். "வயத்துல இன்னொரு ஜீவன் இருக்கோல்லியோ, அதுக்கும் பசிக்குமே" என்பார்.

இடப்பக்கம்

இரண்டு மாதம் கழித்துப் பசு படுத்துவிட்டது. சாணி இல்லை, அசை போடவில்லை. வயிறு மட்டும் வளர்ந்தது. டாக்டரோடு போனேன். இடப்பக்கம்தான் உப்பியிருந்தது. கன்று வலப்பக்கம் கிடக்கும், இடப்பக்கம் இரைப்பை என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். நல்ல இரைப்பை நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது உருளும். இதில் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பதுபோல இருந்தது. டாக்டர் பின்பக்கமாகக் கையை உள்ளே விட்டுப் பார்த்து, கருப்பை காலி என்றார். காசியம்மா என்னைத்தான் பார்த்தார். "அப்ப இத்தினி மாசமா உள்ள இன்னா சார் வளந்துகினு இருந்திச்சி?"

அறுத்த அன்று

மறுநாள் காலை குளுக்கோஸ் ஏற்றி, எழுப்பி நிறுத்தி, மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் வயிற்றை அறுத்தார். நான் இழுத்தேன். பைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாக வந்தன. இழுக்க இழுக்க முடியவே இல்லை. சந்தே கூடி நின்றது. பக்கெட்டுகள் நிறைந்தன.

ஒரு பை மட்டும் முடிச்சு அவிழாமல் வந்தது. உள்ளே ஒரு கட்டுக் கீரை, வாழைநார் போட்டுக் கட்டியபடியே கறுத்துக் கிடந்தது. ஒரு இலைகூடப் பசுவுக்குப் போய்ச் சேரவில்லை. ஜானகி மாமி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இது நான் போட்ட முடிச்சு. ரெண்டு சுத்து சுத்தி நான்தான் இப்படிப் போடுவேன்."

வாடிக்கைக்காரர்

கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒருவர் நின்றிருந்தார். காசியம்மாவிடம் தினமும் பால் வாங்குகிறவர். எல்லாரும் பசுவைப் பார்க்க, அவர் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார். "எம் பொண்ணு குடிக்கிற பாலு இதுக்குள்ளேர்ந்துதானே வந்திச்சி?"

தையல் பிரித்த நாள்

பசு பிழைத்தது. தையல் பிரிக்க நான் போன நாள் அமாவாசை. மாமி கீரையைப் பித்தளைத் தட்டில் உதிர்த்துக் கொண்டுவந்தார். கண்ணைத் திறந்தே நீட்டினார். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமியின் காலிக் கையை மோந்தது, புடவைத் தலைப்பை மோந்தது. அப்புறம் நேராக என்னிடம் வந்து, பஞ்சும் கத்தரியும் போட்டு நான் கொண்டுபோயிருந்த கேரி பேக்கின் காதைக் கவ்வி இழுத்தது. காசியம்மா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். "வுட்டுடாத சார், கெட்டியா புடி. கீரய மறந்துடுச்சி, பையத்தான் தேடுது."

மனிதர்களுக்கு வந்த வியாதியை மாட்டிடம் தேடிக்கொண்டிருந்த தொழில் எங்களுடையது. அதற்கு மருந்தையும் நான் கேரி பேக்கில்தான் கொண்டுபோனேன்.