குப்பை மூலையில் நின்ற மரம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கவே எனக்குப் பிடிக்காது. பால் எடுக்கப் போனால் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் புட்டி, உள்ளே அழுகிக் கருத்த ஏதோ ஒரு பழம். இன்னொரு நாள் செத்த ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த இலைச் சக்கை. எல்லாம் அண்ணியின் சொத்து.

அண்ணிக்குக் கல்லூரித் தாவர ஆய்வுக் கூடத்தில் வேலை. யாராவது கண்டதைத் தின்று மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குத்தான் போன் வரும். இலையைக் கசக்குவார், பட்டையை நகத்தால் கீறுவார், முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்வார். அதே கையால் எனக்குச் சோறும் போடுவார். கழுவிவிட்டுத்தான் போடுகிறாள் என்று அண்ணன் சத்தியம் செய்வான். எனக்கு இறங்காது.

"இந்தக் கருமத்தையெல்லாம் ஆபீஸ்லயே வெச்சுக்கக் கூடாதா அண்ணி?"

"அங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தம்பி. மூக்கப் பொத்திக்கிட்டு எடுத்துக்கோங்க."

ஒன்று புட்டி இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் என் மகள், ஊரெல்லாம் வாலு என்று கூப்பிடும் பொடிசு, பின்பக்கம் விளையாடிவிட்டு வந்து குடம் குடமாக வாந்தி எடுத்தாள். கேட்டால், "மஞ்சப் பழம் தின்னேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் வந்தார். "என்ன பழம்னு தெரியணும்" என்றார் டாக்டர். "சாதாரணப் பழம்னா இப்பவே வீட்டுக்குப் போகலாம். விஷம்னா ராத்திரி இங்கதான்."

"இலை, பட்டை, பழம் மூணும் கொண்டு வாங்க தம்பி" என்றார் அண்ணி.

பின்பக்கம் மஞ்சள் பழம் உதிர்க்கும் ஒரே மரம் எங்கள் குடியிருப்பின் குப்பைத் தொட்டிகளை ஒட்டி நிற்கிறது. அது என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பையை வீசிவிட்டு ஓடுகிற இடத்தில் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? தொட்டிக்குள் வீசினாலாவது பரவாயில்லை. வீட்டுக்கு வீடு கழிப்பறை இருந்தும் இங்குள்ள ஆண்கள் அந்த அடிமரத்தில்தான் ஒதுங்குகிறார்கள். படித்த ஜென்மங்கள். அங்கே போய் நின்றதும் காலடியில் ஏதோ பிதுங்கியது, குனிந்து பார்க்கவில்லை. கைக்கு எட்டிய இலைக் கொத்தைக் கிள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். பட்டையையும் பழத்தையும் தொட மனம் வரவில்லை.

"வேப்பிலை மாதிரி இருக்கே" என்றார் டாக்டர். "வேப்பம்பழம்னா பெரிசா பயமில்ல." எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அண்ணி காம்பைத் திருப்பிப் பார்த்தார். "இது இலையே இல்ல, இலையோட ஒரு துண்டு. அடியில பிஞ்சிருக்கு. முழு இலை எங்க?"

"நிக்க முடியல அண்ணி. அவ்வளவு நாத்தம்."

"திரும்பிப் போ. கிளையில ஒட்டுற இடத்தோட ஒடிச்சிட்டு வா. பட்டையும் பழமும் இல்லாம வராத."

அதுவரை என்னை வாங்க, போங்க என்று மட்டுமே பேசியவர்.

போனேன். அழுகிய மீன் செதிலிலும் குழந்தைகளின் டயப்பரிலும் முழங்கால் ஊன்றி, ஈரம் சொட்டும் பட்டையைக் கத்தியால் பெயர்த்தேன். பழங்களைப் பொறுக்கினேன். இரண்டு முறை ஓங்கரித்தேன். இலையை அடியோடு ஒடித்தபோது முழ நீளம் வந்தது. காம்பிலிருந்து கிளைக் காம்புகள், அவை ஒவ்வொன்றிலும் சிற்றிலைகள். நான் முதலில் கொண்டுபோனது அதில் ஒரு கிளைக் காம்பு மட்டும்தான்.

திரும்பி வந்தால் அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு, என் மகள் அங்கே மறுபடி எடுத்த வாந்தியைத் தட்டில் பரப்பித் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு கொட்டையை எடுத்துத் தண்ணீரில் அலசினார். நான் கொண்டுவந்த பழத்தைப் பிதுக்கி அந்தக் கொட்டையையும் பக்கத்தில் வைத்தார்.

"வேப்பங்கொட்டை வழவழன்னு இருக்கும். ரெண்டுலயும் வரி வரியா மேடு இருக்கு பாருங்க டாக்டர். வேப்பிலை ஒரு தடவதான் பிரியும், இது ரெண்டு தடவ பிரிஞ்சு போகுது. பட்டை நீளவாக்குல வெடிச்சிருக்கு. இது மலைவேம்பு. பழம் நரம்பத் தாக்கும். புள்ளைய அனுப்பாதீங்க."

இருட்டும் நேரத்தில் வாலுவுக்கு வலிப்பு வந்தது. மருந்தோடு தயாராக நின்றிருந்தார்கள், அடக்கிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், அசந்து தூங்குகிறாள் என்று அந்நேரம் கதவைச் சாத்திவைத்திருப்போம்.

இப்போது அந்தக் கொட்டைகளும் ஒரு புட்டியில் இருக்கின்றன. "என் வயித்துல இருந்து வந்தது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாலு அதை எடுத்துக் காட்டுகிறாள். எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. நேற்று அண்ணி இன்னொரு புட்டியோடு வந்து ஃப்ரிட்ஜ் முன்னால் தயங்கி நின்றார். நான் பால் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.